பிளம்பர் வீட்டுக் குழாயடிப் புதினா

மூண்டா என்கிற இந்தச் சின்ன ஊரில் புதினாவை எங்கே நடுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. கொல்லைக் குழாயடிதான். நடுவது சுலபம், நிலைக்க வைப்பதுதான் பெரும்பாடு. மேலே ஒரு சாண் மண், அதற்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. ஊற்றுகிற தண்ணீர் எந்த வெடிப்பு வழியாக எங்கே போகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். செப்டம்பரில் தளதளவென்று கிளம்புகிற புதினா, இங்கே நடுக்கோடையில் வருகிற கிறிஸ்துமஸ் வெயிலுக்குள் சுள்ளியாகிவிடும். ஆட்டுக்கறி ரோஸ்ட்டுக்குத் தொட்டுக்கொள்ளப் புதினா சாஸ் வேண்டும் என்கிற அந்த நாளில், ஊரில் எல்லார் வீட்டுக் குழாயடியும் மொட்டையாக இருக்கும். டல்சி பாஸ்கோ வீட்டைத் தவிர.

டல்சி வீட்டில் அது முழங்கால் உயரம் நிற்கும். சிமென்ட் நடைபாதையின் விரிசலில் புகுந்து, துணி துவைக்கும் அறைச் சுவர்வரை வேர்விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் டல்சி கத்தரிக்கோலோடு போவாள். அடியில் இரண்டு கணு விட்டு வெட்டுவாள். வெட்டின இடத்தில் பத்து நாளில் ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்க்கும். மொட்டு தலைகாட்டினால் உடனே கிள்ளிவிடுவாள், பூத்துவிட்டால் இலையில் மணம் நிற்காது. டிசம்பர் இரண்டாவது ஞாயிறு புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிற பௌல்ஸ் கிளப்பில் நடக்கும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குத் தொண்ணூறு பேருக்கான சாஸ் அவள் வீட்டிலிருந்துதான் போகும். இலையைச் சர்க்கரையோடு சேர்த்துப் பொடியாக நறுக்கி, கொதிநீர் விட்டு, ஆறியதும் வினிகர் சேர்த்து, இரண்டு பெரிய ஜாடியில் எடுத்துக்கொண்டு ராணி மாதிரி உள்ளே நுழைவாள்.

தபால் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் கவுன்டரில் இருந்தவள். கல்யாணமாகிக் குடிவருகிற பெண்களுக்கெல்லாம் தபால்தலையோடு, ஈரச் செய்தித்தாளில் சுற்றிய புதினா வேரும் கொடுத்து அனுப்புவாள். "கிழக்கே பார்த்து நடு. நடும்போது ஏதாச்சும் பேசிக்கிட்டே நடு" என்று சொல்வாள். இந்தச் சாஸ்திரம் அவளே உண்டாக்கியது. அப்படியே நட்டவர்கள் இரண்டு மாதம் கழித்து, செத்துப்போச்சு என்று மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். டல்சி பரிதாபமாகத் தலையை ஆட்டுவாள்.

"கைராசி வேணும் கண்ணு. அது கடைல விக்கிறதில்ல."

அந்தக் கைராசி வந்த கதையை அவள் சொல்லாத ஆள் கிடையாது. கல்யாணமான முதல் வருஷம், எழுபத்தொன்றில், மூன்று தடவை நட்டாள், மூன்று தடவையும் கருகியது. கிறிஸ்துமஸுக்கு மாமியார் சாப்பிட வந்தாள். மேஜையில் புட்டிச் சாஸைப் பார்த்துவிட்டு, "ஓ, கடைச் சாஸா" என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. டல்சி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கோபத்தோடு வெளியே வந்து, காய்ந்த வேரைப் பிடுங்கிக் குழாயடியில் எறிந்து, இனி இந்தச் சனியனைத் தொடமாட்டேன் என்று கணவன் கிளெமிடம் சொன்னாள். எறிந்த வேர் அடுத்து வந்த ஜூன் மாதக் குளிர்காலத்தில் தானாகத் துளிர்த்தது. அன்றைக்குப் பிறகு அது சாகவே இல்லை.

கிளெம் பாஸ்கோ பிளம்பர். நாற்பது வருஷம் ஊரில் அவன் கைபடாத குழாய் கிடையாது. போன் அடித்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவான். பேச்சு குறைவு, விசில் அதிகம். இப்படிப்பட்ட மனுஷனின் சொந்த வீட்டுக் கொல்லைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. நாள் கணக்கில் இல்லை, எழுபத்திரண்டிலிருந்து. கிளெம் வீட்டுக் குழாய் என்றால் ஊரில் அது ஒரு சொலவடை. வேலையை இழுத்தடிக்கிற எவனையும், "கிளெம் வீட்டுக் குழாய் ஆக்கிடாதேப்பா" என்பார்கள்.

டல்சி கேட்காத நாளில்லை. "எப்போ சரி பண்ணுவ?"

"லிஸ்ட்ல இருக்கு டல்ஸ்."

"அந்த லிஸ்ட்டை ஒருநாள் என் கண்ணுல காட்டு."

"அதுவும் லிஸ்ட்ல இருக்கு."

இன்னொன்றும் சொல்வான். குழாயை அவள் இறுக்கி மூடினால் போதும், "திருகிப் பிழியாதே டல்ஸ், அதுக்கும் வலிக்கும்" என்பான். தன் சோம்பலுக்குச் சப்பைக்கட்டு என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

வெளியே சிரித்தாலும் உள்ளே அது அவளுக்கு முள்ளாகத்தான் இருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஊரில் யார் வீட்டுச் சொட்டுக்கும் ஓடுகிறவன் காதில் தன் வீட்டுச் சொட்டு மட்டும் விழவில்லையே என்று அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே நினைப்பாள். சொட்டினால் புதினாவுக்கு நல்லதுதான், அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொட்டு எந்த வீட்டில்தான் இல்லை? அக்கம்பக்கத்து வெர்னா ரோ வீட்டிலும் ஒரு வருஷம் சொட்டியது, புதினா அழுகித்தான் போயிற்று. ஆகவே புதினா தன் கையால் வாழ்கிறது, சொட்டு கிளெமின் அசட்டையால் வாழ்கிறது என்று அவள் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தாள்.

அவன் ஓய்வு பெற்றபோது பௌல்ஸ் கிளப்பில் விருந்து வைத்தார்கள். டல்சியையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து, "இவர் இந்த ஊர்ல எல்லாக் குழாயையும் சரி பண்ணிட்டார். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அது எங்கேன்னு உங்களுக்கெல்லாம் தெரியும்" என்றாள். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கிளப் செயலாளர் ஒரு மோதிரப் பெட்டியைக் கொண்டுவந்து கிளெமிடம் நீட்டினார். உள்ளே பஞ்சின் மேல் ஒரே ஒரு சிவப்பு வாஷர், குழாய்க்குள் தண்ணீரை அடைக்கிற ரப்பர் வில்லை. இப்போதாவது போடு என்று கத்தினார்கள். கிளெம் அதை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்து, அளவு சரியில்லை என்றான். அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் அவன்தான்.

இரண்டாயிரத்து ஏழு ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஊற்றிய டீ ஆறுவதற்குள் கிளெம் போய்ச் சேர்ந்தான். நெஞ்சு. அறுபத்தெட்டு வயது.

அந்த வருஷம் மழையும் இல்லை. ஊருக்குத் தண்ணீர் தருகிற முர்ரே நதி வற்றிப்போய், தண்ணீருக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். புல்வெளியெல்லாம் கோணிப்பை நிறமாகிவிட்டது. யார் எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்க்கிற காலம். பார்ப்பதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டவள் வெர்னா. நாயைக் கூட்டிக்கொண்டு தினம் காலையில் பின்சந்து வழியாகப் போவாள், நாய் மூக்கை நீட்டாத இடத்திலும் அவள் நீட்டுவாள். அக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"டல்ஸ், உன் குழாய் முன்னைவிட அதிகமாச் சொட்டுதுடி. ஊரே குளிக்காம நாறிக்கிட்டிருக்கு. கிளெம் இருந்தவரைக்கும் சிரிச்சோம், சரி. இப்போ யாராச்சும் புகார் எழுதிப்போட்டா என்ன பண்ணுவ?"

"எழுதிப்போடற கை யாருதுன்னு எனக்குத் தெரியாதா" என்றாள் டல்சி. ஆனாலும் அது சுருக்கென்று தைத்தது. உண்மையிலேயே அதிகமாகத்தான் சொட்டியது. உள்ளே போய் கெல்வின் ஓப்பிக்குப் போன் போட்டாள்.

கெல்வின் ஊரின் இன்னொரு பிளம்பர், ஐம்பது வயதுக்காரன். கிளெமுக்குப் போட்டி என்று பெயர், ஆனால் மழை நாளில் இருவரும் ஒரே வேனில் உட்கார்ந்து கறி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி தின்பார்கள். வந்தான், தண்ணீரை நிறுத்தினான், குழாயின் தலையைக் கழற்றினான். வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, விரலில் உருட்டி, வெகுநேரம் பார்த்தான்.

"மிஸஸ் பாஸ்கோ, இதை நெசமாவே சரி பண்ணணுமா?"

"என்ன கேள்வி கெல்வின்? முப்பத்தஞ்சு வருஷமாச் சொட்டுது."

"அதான் கேக்கறேன். முப்பத்தஞ்சு வருஷமும் இதே அளவாச் சொட்டுச்சா?"

"ஆமா. இந்த ரெண்டு மூணு மாசமாத்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த மனுஷனுக்கு இதுக்கு மட்டும் கை எட்டலை."

கெல்வின் தலையாட்டிவிட்டுக் கருவிப் பையைத் திறந்தான். புது வாஷர் போட்டான். பழையதை எறியாமல் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

"குப்பைல போடு கெல்வின்."

"இருக்கட்டும். வச்சுக்கங்க."

காசு நீட்டினாள். வாங்கவில்லை. "கிளெம் வீட்டுக் குழாய்க்குக் கூலி வாங்கினேன்னா கிளப்புல எனக்கு பீர் ஊத்த மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினான்.

அன்று மாலை பாத்திரம் கழுவும்போது ஜன்னலுக்கு வெளியே சத்தமே இல்லை. எத்தனையோ வருஷமாக அவள் கேட்ட வரம்தான். ஆனால் வீட்டில் ஆள் இல்லை என்பது சாவுக்கு வந்தவர்கள் போன பிறகு தெரியவில்லை, துணிமணியை எடுத்துக் கொடுத்தபோது தெரியவில்லை, அந்தக் குழாய் வாயை மூடிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

புதினாவைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. சொட்டு போனால் என்ன, வாளி இருக்கிறது, கை இருக்கிறது. குளிக்கும்போது சூடு வரும்வரை வீணாக ஓடுகிற தண்ணீரைப் பிடித்து, காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி ஊற்றினாள். ஊற்றும்போது பேசவும் பேசினாள். தண்ணீர் ஒரு நிமிஷம் நின்று, பிறகு பாறைக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. மதியம் மண்ணைத் தொட்டால் மாவு மாதிரி இருந்தது. நவம்பர் முதல் வாரத்தில் நுனி தலை சாய்ந்தது. இரண்டாம் வாரத்தில் இலையைத் திருப்பிப் பார்த்தாள், அடியில் துரு பிடித்தது போல ஆரஞ்சுப் புள்ளிகள். புள்ளி விழுந்த தண்டையெல்லாம் தரையோடு வெட்டிக் குப்பையில் போட்டாள். குழாயடி மொட்டையாயிற்று, எல்லார் வீட்டையும் போல.

வெர்னா அன்றைக்கும் எட்டிப் பார்த்தாள். "என்னடி, உனக்கும் காஞ்சுபோச்சா?" குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. டல்சி வேர் கொடுத்து மூன்று தடவை நட்டு மூன்று தடவையும் சாகக் கொடுத்தவள் அவள்.

"கிளப் சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போற? நான் வேணா கடையில ரெண்டு புட்டி..."

"வேண்டாம்" என்றாள் டல்சி.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தனக்கென்று அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். பாட வராது, பின்ன வராது, அவள் கேக் சுட்டால் நடுவில் குழி விழும். புதினா டல்சி என்று ஒரு பெயர் இருந்தது. கிளெமோடு கைராசியும் போய்விட்டது என்று அவள் நம்பினாள். புருஷன் போன பெண்ணுக்கு இது வேறு நடக்குமா என்று யாரைக் கேட்பது? பெர்த்தில் இருக்கும் மகளிடம் சொன்னால், அம்மா நீ டாக்டரைப் பார் என்பாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை, ஓய்வு பெற்ற ஆண்கள் கூடி மரவேலை செய்கிற மென்ஸ் ஷெட்டிலிருந்து இரண்டு பேர் வந்து கிளெமின் கருவிகளை எடுத்துப் போவதாக ஏற்பாடு. புதன்கிழமை டல்சி அவன் கொட்டகைக்குள் போய் ஒழுங்கு பண்ண ஆரம்பித்தாள். ஸ்பேனர்கள் ஒரு பெட்டி, குழாய்த் துண்டுகள் ஒரு பெட்டி. ஜன்னல் விளிம்பில் எப்போதும் போலக் கிளெமின் பழைய புகையிலை டப்பா இருந்தது. மூடியில் தச்சன் பென்சிலால் 'மின்ட்' என்று எழுதியிருந்தது.

அந்த டப்பா அவளுக்குப் புதிதில்லை. இந்த ஊர்ப் பேச்சில் இலைக்கும் மின்ட் என்றுதான் பெயர், வாயில் போட்டுச் சப்புகிற வெள்ளை மிட்டாய்க்கும் மின்ட் என்றுதான் பெயர். கிளெம் எழுபத்தொன்பதில் சிகரெட்டை விட்டவன். அதிலிருந்து வாயில் மிட்டாய் உருளாமல் அவனைப் பார்க்க முடியாது. மிட்டாய் டப்பா என்று அவள் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அவளுக்கு மிட்டாய் பிடிக்காது, ஒருநாளும் திறந்ததில்லை. அன்று கொட்டகைத் தூசியில் தொண்டை வறண்டிருந்தது. ஒன்று வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று மூடியைத் திறந்தாள்.

உள்ளே மிட்டாய் இல்லை. வாஷர்கள் இருந்தன. கறுப்பு ரப்பர் வாஷர்கள், முப்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கத்தியால் சின்னதாக ஒரு வெட்டு. ஆணி நுனி நுழைகிற அளவு, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. சிலவற்றில் ஒரு வெட்டு, சிலவற்றில் எதிரெதிராக இரண்டு. சிலது புதுசு, சிலது குழாய்க்குள் கிடந்து நசுங்கிய தடத்தோடு பழசு. மூடியின் உட்பக்கத்தில் ஆணியால் கீறியிருந்தது: ஈஸ்டர் ஒன்று, ஃபைனல் இரண்டு.

டல்சி வீட்டுக்குள் போனாள். ஜன்னல் விளிம்பில் கெல்வின் வைத்துவிட்டுப் போன வாஷரை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு வெட்டு. கிளெம் போன பிறகு, தடுத்துச் சொல்ல ஆளில்லாமல் அவள் இறுக்கி இறுக்கி மூடியதில் வெட்டு கிழிந்து அகலமாகியிருந்தது.

கொட்டகைக்குத் திரும்பி வந்து, கவிழ்த்துப்போட்ட பெயின்ட் டின்மேல் உட்கார்ந்தாள். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வருஷா வருஷம் அவள் சர்ச்சில் பூ அலங்காரம் செய்யப் போவாள், கிளெம் வீட்டில் இருப்பான். செப்டம்பர் கடைசியில் ஃபுட்பால் ஃபைனல் அன்று, அந்தக் கத்தலைத் தாங்காமல் அவள் பக்கத்து ஊரான வாலரூவில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள், கிளெம் வீட்டில் இருப்பான். ஈஸ்டரிலிருந்து குளிர்காலத்துக்கு ஒரு வெட்டு, ஃபைனலிலிருந்து வெயில் காலத்துக்கு இரண்டு வெட்டு. அவள் அழுத அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த குளிர்காலத்தில்தான் குழாய் சொட்ட ஆரம்பித்தது. எறிந்த வேர் துளிர்த்ததும் அதே குளிர்காலத்தில்தான். இரண்டு கதையையும் முப்பத்தைந்து வருஷமாகச் சொன்னவள் அவள், இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவளும் அவள்தான்.

முதலில் வந்தது கோபம். நன்றாகவே வந்தது. "முட்டாள் மனுஷா" என்று டப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "ஊர்ல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் கைராசி கைராசின்னு பாடம் எடுத்தேனே. கிழக்கே பார்த்து நடச் சொன்னேனே. ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் முத்து உதிர்ந்துடுமா?"

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தாள். சொன்ன அன்றைக்கே புதினா கிளெமுடையதாகியிருக்கும். பிளம்பர் பெண்டாட்டி, குழாய் வைத்துப் புதினா வளர்க்கிறாள், அவ்வளவுதான். ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், அவளைப் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று அவன் விட்டுவிட்டான். அவளும் அந்தச் சிரிப்பில் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

டப்பாவின் அடியில் விரலை விட்டுத் துழாவினாள். சிவப்பாக ஒன்று வந்தது. மோதிரப் பெட்டியில் வந்த வாஷர். அதிலும் இரண்டு வெட்டு. ஒரு வெயில் காலம் முழுக்கக் குழாய்க்குள் கிடந்து உழைத்த தடம் அதன்மேல் வட்டமாகப் பதிந்திருந்தது. அவள் எழுந்து நின்று கேலி செய்த பரிசை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து, வெட்டி, அவளுடைய புதினாவுக்கே போட்டிருக்கிறான். டல்சி அதைக் கைக்குள் மூடிக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

மென்ஸ் ஷெட்டுக்குப் போன் செய்து அடுத்த மாதம் வரச் சொன்னாள். அடுத்த போன் கெல்வினுக்கு.

"கெல்வின், அன்னிக்கு அந்த வாஷரைப் பார்த்தியே, உனக்குத் தெரிஞ்சுதுல்ல?"

"கத்தி வெட்டுன்னு தெரிஞ்சுது. தானாக் கெட்ட வாஷர் முப்பத்தஞ்சு வருஷம் ஒரே அளவாச் சொட்டாது மிஸஸ் பாஸ்கோ. மாசத்துக்கு மாசம் மோசமாகும்."

"ஏன் சொல்லலை?"

"அவரே சொல்லலை. நான் யாரு சொல்ல? நான் வந்து திரும்பக் கழட்டித் தரட்டுமா?"

"வேண்டாம். எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் சொல்லு."

அவன் நிதானமாகச் சொன்னான். முன்வேலி மீட்டர் பக்கத்து வால்வை மூடணும். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிய விடணும். ஸ்பேனரைக் கடிகாரத்துக்கு எதிராத் திருப்பணும், இழுக்கக் கூடாது, அழுத்தணும். கடைசியாக, "முடிச்சதும் குழாயை இறுக்கி மூடாதீங்க. அதைத் திருகிப் பிழியக் கூடாது" என்றான்.

"தெரியும்" என்றாள் டல்சி. "சொல்லியிருக்காரு."

அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. செருப்பு நனைந்தது, முட்டியில் தோல் உரிந்தது. கெல்வின் போட்ட புது வாஷரை எடுத்துவிட்டுச் சிவப்பு வாஷரை வைத்தாள். நவம்பர் மாதம், இரண்டு வெட்டுதான் கணக்கு. வால்வைத் திறந்துவிட்டு வந்து குழாய் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. பழக்க தோஷத்தில் இறுக்கி மூடியிருந்தாள். ஒரு நூல் தளர்த்தினாள். குழாய் வாயில் ஒரு துளி திரண்டு, யோசித்து, விழுந்தது. பிறகு இன்னொன்று. அடியில் ஒரு புட்டிங் கிண்ணத்தை வைத்து ஒரு பகல் முழுக்கப் பிடித்துப் பார்த்தாள், கிண்ணம் நிறைந்தது. அந்தக் கிண்ணத்துக்கு ஈடாகத் தன் குளியலை வாரத்துக்கு மூன்றாகக் குறைத்துக்கொண்டாள். மற்ற நாளில் ஈரத் துண்டுதான்.

புதினாவுக்கு மானம் ரோஷம் கிடையாது. வெட்டிப் போட்டதை மனதில் வைத்துக்கொள்ளாது. ஆறாம் நாள் மண்ணைக் கீறிக்கொண்டு ஊதா நிறத்தில் குருத்து வந்தது. டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு சாண் உயரம் நின்றது. முழங்கால் உயரம் இல்லை, ஆனாலும் புள்ளி இல்லாத இலை. சனிக்கிழமை காலை, கிளப் சாப்பாட்டுக்கு முந்தின நாள், டல்சி கத்தரிக்கோலோடு குந்தி உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு ஜாடி வராது, ஒன்றரைக்கு வரும். ஆளுக்கு ஒரு கரண்டி குறைத்து ஊற்றினால் சமாளிக்கலாம்.

வேலிக்கு மேல் வெர்னாவின் தலை தெரிந்தது. நாய் கீழே மூச்சிரைத்தது.

"அடியே, மறுபடி வந்துடுச்சே" என்றாள். பிறகு காதைச் சாய்த்துக் கேட்டாள். "குழாயும் மறுபடி சொட்டுதே. அந்த ஓப்பிப் பயலைக் கூப்பிட்டு ரெண்டு மாசந்தான் ஆச்சு. கையாலாகாதவன். நாளைக்குக் கிளப்புல நாலு பேர் எதிர்ல அவனை நான் கேக்காம விடப் போறதில்ல."

டல்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பேசாமல் இருந்தால் கிளெமின் ரகசியம் பத்திரமாக இருக்கும், ஆனால் கெல்வின் ஊர் வாயில் விழுவான். ஒரு பிளம்பர் முப்பத்தைந்து வருஷம் விழுந்து கிடந்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கெல்வின் ஒழுங்காத்தான் பண்ணினான். நான்தான் கழட்டி வேற வாஷர் போட்டேன்."

"நீயா? எதுக்கு?"

"சொட்டறதுக்கு."

வெர்னா வேலிமேல் இன்னும் எட்டினாள். "தண்ணிக் கட்டுப்பாடு?"

"என் குளியல்ல கழிச்சுட்டேன். ரொம்பக் கிட்ட வராதே."

வெர்னா சிரிக்கவில்லை. குழாயைப் பார்த்தாள், புதினாவைப் பார்த்தாள், டல்சியைப் பார்த்தாள். நாயைவிட மூக்கு நீளம் என்றாலும் மூளை இல்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது.

"அப்போ எனக்கு மூணு தடவை செத்துதே. கைராசி இல்லை, கைராசி இல்லைன்னு என் மூஞ்சிக்கு நேரே சொன்னியே."

"உன் மேல தப்பில்ல வெர்னா. மன்னிச்சுக்க."

"உனக்கு மட்டும் கைராசி இருந்துதாக்கும்?"

"இருந்துது" என்றாள் டல்சி. குழாயின் தலையைத் தொட்டாள். "என் கை இல்ல."

யார் கை என்று வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. கிளெம் வீட்டுக் குழாய் என்று அவளும் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்தவள்தான். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாயின் கயிற்றை இழுத்தாள். நாலடி போனவள், போகிற போக்கில் விடமுடியாமல் திரும்பி, ஊர் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"அப்போ அந்தக் குழாயை எப்போ சரி பண்றதா உத்தேசம்?"

டல்சி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, அடுத்த தண்டில் கீழிருந்து இரண்டு கணுவை எண்ணினாள்.

"லிஸ்ட்ல இருக்கு" என்றாள்.